கல்லில் யார் முகம்?

ஒரு சின்னப் பரீட்சை வைக்கட்டுமா? விடையை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளுங்கள், போதும்.

கடைசியாக நீங்கள் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்த க்ரைம் தொடர் எது? அதில் கொலை செய்தவன் யார்? துப்பறிந்த போலீஸ்காரராக நடித்தது யார்? இதெல்லாம் டக்கென்று வந்துவிடும். இப்போது கடைசிக் கேள்வி. முதல் எபிசோடில் பிணமாகக் கிடந்தாரே, அவர் பெயர் என்ன?

வரவில்லை, இல்லையா? கவலைப்படாதீர்கள், யாருக்குமே அது சட்டென்று வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

இதை ஓசூரில் நின்றுகொண்டு கேட்க ஆசைப்படுகிறேன். எழுபதுகளில் சிப்காட் வந்ததிலிருந்து லாரி, மோட்டார் பைக், கைக்கடிகாரம் என்று ஆரம்பித்து இப்போது செல்போன் பாகம், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வரை இந்த வட்டாரத்தில் தயாராகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் தெருவிலேயே புழங்கும். வடக்கேயிருந்து வந்தவர்களின் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டுவிட்டன. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பையன் ரூமுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, படுத்துக்கொண்டே நெஞ்சின் மேல் செல்போனை நிற்க வைக்கிறான். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தி தமிழில் பார்ப்பதை அடுத்த கட்டிலில் இன்னொருத்தி இந்தி டப்பிங்கில் பார்க்கிறாள். மொழிதான் வேறு, கொலை ஒன்றேதான்.

"எதுக்கும்மா இந்தக் கருமத்தைப் போய் பார்க்கறீங்க? ராத்திரி தூக்கம் வருமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கிற பெரியவர்களும் ஒன்றும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் க்ளிப் போட்டுத் தொங்கிய ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் யாருக்காகத் தொங்கினார்கள்? அட்டையில் ரத்தம் சொட்டுகிற அந்தப் பாக்கெட் நாவல்களை ஒரே பயணத்தில் முடித்தவர்கள்தானே இவர்கள்? அவர்களுடைய அப்பா காலத்தில் சந்தைக்குச் சந்தை கொலைச் சிந்து விற்றது. எங்கேயோ ஒரு கொலை விழுந்தால் போதும். அதைப் பாட்டாகக் கட்டி, மட்டமான தாளில் அச்சடித்து, ராகம் போட்டுப் பாடியே விற்றார்கள். கூட்டம் வட்டமாக நின்று கேட்டது. அதற்கும் முன்னால் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களைப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். ஆக, இருட்டைப் பார்க்கிற ஆசை செல்போனோடு வந்ததில்லை.

எவ்வளவு பழசு தெரியுமா? கிரேக்கத்தில் பிளேட்டோ ஒரு சம்பவம் சொல்கிறார். லியோன்டியஸ் என்று ஒரு மனிதர். துறைமுகத்திலிருந்து ஏதென்ஸ் நகரத்துக்கு மதில் ஓரமாக நடந்து வருகிறார். வழியில் மரண தண்டனை நிறைவேற்றும் இடம். பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க ஆசையாகவும் இருக்கிறது, அருவருப்பாகவும் இருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தன்னோடு தானே சண்டை போடுகிறார். கடைசியில் ஆசை ஜெயிக்கிறது. ஓடிப்போய்க் கண்ணை அகலத் திறந்து, தன் கண்களையே திட்டுகிறார்: இந்தாங்கடா, வயிறாரப் பார்த்துத் தொலையுங்கள் என்கிற மாதிரி. இரண்டாயிரத்து நானூறு வருஷமாகிறது. நம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால் எதிர்ப்பக்கத்து வண்டிகளும் ஏன் மெதுவாகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் இதைக் கொஞ்சம் கருணையோடு பார்த்தார். நேரில் பார்த்தால் கூசுகிற விஷயங்களை, பிணத்தைக்கூட, சித்திரமாகப் பார்க்கும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சி வருகிறது. ஏனென்றால் பார்ப்பதன் மூலம் ஏதோ ஒன்றைப் புரிந்துகொள்கிறோம் என்றார். நம் தொல்காப்பியமும் மெய்ப்பாடுகள் எட்டு என்று எண்ணும்போது நகை, உவகையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அழுகை, இளிவரல், அச்சம் எல்லாவற்றுக்கும் பந்தியில் இலை போட்டிருக்கிறது.

ஹாஸ்டல் பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். 2010-ல் அமெரிக்காவில் விகாரி, ஃப்ரேலி என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நிஜக் கொலைக் கதைகளை ஆண்களைவிடப் பெண்களே அதிகம் விரும்பிப் படிக்கிறார்கள். அதிலும் தப்பிப்பதற்கு ஒரு உபாயம் சொல்லியிருந்தால் அந்தப் புத்தகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கண்டார்கள். ஊரை விட்டு வந்து, இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண் இந்தக் கதைகளைப் பார்ப்பதில் ஒரு தற்காப்பு இருக்கலாம். 'இப்படி ஒருத்தன் பேச்சுக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்?' என்று அவள் ஒத்திகை பார்த்துக்கொள்கிறாள். அதைப் போய் வக்கிரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, பார்ப்பது பாவம் இல்லை. அப்புறம் என்ன பிரச்னை?

பிரச்னை, கதை யாருடைய முகத்தை நம் பக்கம் திருப்பிக் காட்டுகிறது என்பதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள கிருஷ்ணகிரியிலேயே ஒரு பாடசாலை உண்டு. அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். நடுகற்கள் நிற்கின்றன. அங்கே போக நேரமில்லையென்றால், இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேடியப்பன் கோயில் எங்கே என்று கேளுங்கள். பல இடங்களில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுவது ஒரு நடுகல்லைத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுக்கவே இந்தக் கற்கள் விதை போட்ட மாதிரி இருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-லேயே 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகம் போட்டது.

நடுகல் என்பது என்ன? அந்தக் காலத்து க்ரைம் ரிப்போர்ட். மாட்டை ஓட்டிக்கொண்டு போக வந்தார்கள், தடுத்தான், செத்தான். புலி வந்தது, குத்தினான், செத்தான். விஷயம் அவ்வளவுதான். முழுக்க முழுக்க ரத்தம். சில கற்களில் அம்பு உடம்பில் பாய்ந்து நிற்பதைக்கூடச் செதுக்கியிருப்பார்கள். ஆனால் கல்லில் இருக்கிற முகம் யாருடையது? செத்தவனுடையது. அவன் பெயர், யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் என்று எழுதியிருக்கும். கொன்றவன் பெயரைப் பொறிப்பது இந்தக் கற்களின் வழக்கமில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. வீரனோடு கூட அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், அது கள்ளர்களைக் கடித்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து நமக்கு அந்த நாயின் பெயர் தெரிகிறது. கடிபட்ட கள்ளன் யாரென்று தெரியாது.

இதோடு இப்போதைய சரக்கை வைத்துப் பாருங்கள்.

நம் வட்டாரத்தின் மிகப் பெரிய இருட்டுக் கதை வீரப்பன். 2004 அக்டோபர் 18-ம் தேதி பாப்பாரப்பட்டி அருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படம் எடுத்துத் தீர்ந்தபாடில்லை. ஏ.எம்.ஆர்.ரமேஷின் 'வனயுத்தம்' 2013-ல் வந்தது. ராம் கோபால் வர்மா கன்னடத்தில் எடுத்தது 2016-ல். 2023-ல் மட்டும் இரண்டு ஆவணத் தொடர்கள். ஒன்று செல்வமணி செல்வராஜ் இயக்கி நெட்ஃபிளிக்ஸில் வந்த நாலு பகுதித் தொடர். இன்னொன்று 'கூச முனிசாமி வீரப்பன்', நக்கீரன் எடுத்து வைத்திருந்த பழைய வீடியோக்களில் அவரே பேசுவது. இரண்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதிரடிப்படையின் சித்திரவதையில் சிக்கிய மலைக் கிராமத்து மக்களைப் பற்றியும் அவை பேசுகின்றன. அதற்காகவே பார்க்கலாம்.

ஆனாலும் ஒரு கேள்வி. 1993 ஏப்ரல் 9-ம் தேதி பாலாறு பக்கத்தில் கண்ணிவெடி வெடித்து 22 பேர் செத்தார்கள். அந்த 22 பேரில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். நமக்கு வருகிற ஒரே பெயர் 'ராம்போ' கோபாலகிருஷ்ணன். அவர் காயத்தோடு உயிர் பிழைத்த அதிகாரி. அந்தப் பட்டப்பெயரே சினிமாவிலிருந்து வந்தது! மீதிப் பேர் '22' என்கிற எண்ணுக்குள் அடங்கிவிட்டார்கள். மீசை மட்டும் போஸ்டருக்குப் போஸ்டர் பெரிதாகிக்கொண்டே போகிறது.

அடுத்தது சைக்கோ கதைகள். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'நூறாவது நாள்' (1984), அப்புறம் 'ராட்சசன்' (2018) என்று நமக்கு ஒரு நீண்ட பரம்பரையே உண்டு. 'ராட்சசன்' மாதிரி நாற்காலி நுனியில் உட்கார வைக்கிற படம் அபூர்வம், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வகைக் கதைகள் நமக்கு ஒரு ரகசிய ஆறுதல் கொடுக்கின்றன. கொலைகாரன் விநோதமானவன். அவனுக்குச் சின்ன வயசில் ஏதோ ஒரு காயம். அவன் வீடு இருட்டு, அவன் சிரிப்பு வேறு மாதிரி. மொத்தத்தில், அவன் நம்மைப் போல இல்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் நாம் பத்திரமாக வெளியே வந்துவிடலாம்.

நிஜத்தில் கொலை எங்கேயிருந்து வருகிறது? இதே மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். செத்தவர்களின் பெயர்களை எழுதப் போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2018 நவம்பரில், ஓசூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு இளம் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தில், சிவனசமுத்திரம் அருகே காவிரியில் கிடைத்தன. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஓசூரில் குடித்தனம் வைத்திருந்தார்கள். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். கைதானவர்கள் அவளுடைய அப்பாவும் உறவினர்களும். அதே வருஷம் மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம், மனமொத்த இரண்டு பேரின் கல்யாணத்தில் தலையிட எந்தக் கட்டைப் பஞ்சாயத்துக்கும் உரிமை இல்லை, இப்படிப்பட்ட ஜோடிகளைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது.

2023 மார்ச்சில், கே.ஆர்.பி. அணை பக்கம், பட்டப்பகலில் நடுரோட்டில் ஒரு இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். மகள் தன் இஷ்டப்படி கட்டிக்கொண்டாள் என்கிற ஆத்திரம். வெட்டியவர்களில் மாமனாரும் ஒருவர் என்றது போலீஸ்.

ஒரு மாசம்கூட ஆகவில்லை. 2023 ஏப்ரலில் ஊத்தங்கரை பக்கம். தலித் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த மகனை அப்பாவே வெட்டினார். மருமகளையும் வெட்டினார், அவள் படுகாயத்தோடு பிழைத்தாள். பேரனையும் பேத்தி முறையானவளையும் தன் வீட்டில் படுக்க வைத்திருந்த பாட்டி குறுக்கே விழுந்து தடுத்தாள். அவளையும் வெட்டினார். அந்தப் பாட்டி யார் தெரியுமா? வெட்டியவரைப் பெற்றவள்.

கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இதில் எங்கே சைக்கோ? எங்கே முகமூடி? அப்பா, மாமனார், உறவுக்காரர்கள். காலையில் டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கக்கூடியவர்கள். கொலைகாரனை நூறு மைல் தள்ளி நிறுத்துகிற கதை, என்னதான் பயமுறுத்தினாலும், நம்மை நிம்மதியாகத் தூங்க வைக்கிற கதைதான். வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைக்கிற கதைதான் நிஜமாகத் தூக்கத்தைக் கெடுக்கும்.

அப்படி நல்ல வேலையும் நடக்கிறது, நடக்காமல் இல்லை. 2020-ல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறனின் 'ஓர் இரவு' ஒரு பெண் சாகிறதை நீளமாகவே காட்டுகிறது. பார்க்க முடியாது. ஆனால் கேமரா ராத்திரி முழுக்க அவளை விட்டு நகர்வதில்லை. பாசமான அப்பாவாகப் பிரகாஷ்ராஜ் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த முகத்தில் எந்தத் தழும்பும் இல்லை. அதுதான் பயம். 2022-ல் வந்த 'சுழல்' ஒரு ஃபேக்டரி ஊரில் நடக்கிறது. சிமென்ட் ஆலை, தொழிற்சங்கம், மாசி மாதத்து மயானக் கொள்ளை. நம் வட மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்த திருவிழா. முடிச்சை அவிழ்க்க மாட்டேன், பயப்படாதீர்கள். ஊரெல்லாம் தேடிவிட்டு விடை எங்கே கிடைக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அதே வருஷம் வந்த 'வதந்தி'யில் செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் அவள் வேறு ஒருத்தி. கதை சொல்கிற நாமெல்லாரும் சேர்ந்து அவளை இரண்டாவது முறை கொல்கிறோமோ என்று சந்தேகம் வரும்.

ஒரு ஆட்சேபம் எழும் என்று தெரியும். "என்ன சார், நடுகல் என்ன பெரிய நீதி? அதுவும் சண்டையைப் புகழ்வதுதானே? மாடு பிடிக்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டார்களே! பெண்ணுக்குக் கல் என்றால் பெரும்பாலும் உடன்கட்டை ஏறினால்தானே!"

சரிதான். நடுகல் காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று யார் சொன்னது? யாருக்குக் கல், யாருக்கு இல்லை என்பதில் அந்தக் காலத்து ஊருக்கும் ஓரவஞ்சனை உண்டு. நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பழக்கத்தை. செத்தவனை எண்ணிக்கை ஆக்காமல் ஆளாக வைத்துக்கொண்ட பழக்கத்தை.

இளங்கோவடிகளுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. கோவலன் கொலையை எத்தனை வரியில் எழுதினார் என்று பாருங்கள். கள் குடித்த ஒருவன் வாளை எடுத்து வெட்டுகிறான். சில வரிகள், முடிந்தது. வெட்டியவன் பெயர்கூடக் கிடையாது. அப்புறம் கண்ணகி அழுவதற்கும், ஊரைக் கூட்டிக் கேட்பதற்கும், அரசன் முன்னால் நிற்பதற்கும் காதை காதையாக இடம் கொடுக்கிறார். கடைசியில் வஞ்சிக் காண்டத்தில் அவளுக்கும் ஒரு கல். கதையில் கொலை எவ்வளவு நேரம், கொலைக்குப் பிந்தைய கண்ணீர் எவ்வளவு நேரம் என்கிற கணக்கு அது. நம் தொடர்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். கொலைக்கு ஸ்லோமோஷன், தாயின் அழுகைக்கு மூன்று செகண்ட், அடுத்த காட்சியில் தடயவியல் நிபுணர் ஜோக்கடித்துக்கொண்டே கையுறை மாட்டுகிறார்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. "இருட்டை எழுதவே கூடாது என்றால் உண்மை எப்படி வெளியே வரும்?" கட்டாயம் எழுத வேண்டும். யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் விஷயம். 2016-ல் வெளியான 'விசாரணை' எங்கிருந்து வந்தது? கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமார், தான் பட்ட அடியைத் தானே எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வந்தது. அடிபட்டவரே பேனா பிடித்திருக்கிறார். 'ஜெய் பீம்' (2021) வந்தபோது, நிஜ வழக்கில் கணவரைப் பறிகொடுத்த பார்வதி அம்மாளின் நிலைமை பேசப்பட்டது. படத்தைத் தயாரித்து நடித்த சூர்யா அவர் பெயரில் 10 லட்சம் ரூபாயை வங்கியில் போட்டார். ஒரு துயரத்தை எடுத்துப் படம் பண்ணினால் அந்தத் துயரத்துக்குச் சொந்தக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்கிற ஞாபகம் வேண்டும். அந்த ஞாபகத்துக்கு அது ஒரு அடையாளம்.

பெயர் எழுதவில்லை என்றேனே, அதற்கும் காரணம் இதுதான். நடுகல்லில் பெயரை வெட்டியது செத்தவனின் சொந்த ஊர், சொந்த சனம். தினமும் அந்தப் பக்கம் போகிறவர்கள். வாரப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கும், வேவ்வேறு தேசத்தில் ஓடப்போகிற தொடரை எடுப்பவருக்கும் அந்த உரிமை தானாக வந்துவிடாது. காயம்பட்டுப் பிழைத்தவர்கள் அதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லட்டும், அல்லது அவர்களைக் கேட்டுவிட்டு நாம் சொல்வோம்.

கொலைகாரனே இல்லாத இருட்டும் இந்த எல்லையில் இருக்கிறது. 2023 அக்டோபர் 7-ம் தேதி, ஓசூரைத் தாண்டினால் வருகிற அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் தீபாவளி சீசனில் நாலு காசு பார்க்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். அதற்கு இரண்டு மாசம் முன்னால், ஜூலை 29-ல், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் செத்தார்கள். இதற்கு யாராவது எட்டு எபிசோடு எடுப்பார்களா? கஷ்டம். கத்தி இல்லை, துரத்தல் இல்லை, ட்விஸ்ட் இல்லை. லைசென்ஸ், மூட்டை, நெருக்கடி, ஒரு பொறி. வில்லன் இல்லாத சாவைக் கதையாக்க நம் கதைசொல்லிகள் இன்னும் சரியாகப் பழகவில்லை. வில்லன் இருந்தால்தான் சாவு என்று நாமும் பழகிவிட்டோமானால், ஆலைக் கதவுக்கு உள்ளே நடக்கிற சாவெல்லாம் நம் கண்ணுக்குச் சாவாகவே தெரியாமல் போய்விடும். எனக்கு இருக்கிற பெரிய பயம் அதுதான்.

கலை மனுஷனைக் கொலைகாரன் ஆக்குமா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. கோடிப் பேர் க்ரைம் நாவல் படித்தார்கள், கோடிப் பேரும் கத்தியைத் தூக்கவில்லை. கதை செய்கிற காரியம் அதைவிடச் சத்தமில்லாதது. யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட வேண்டும் என்று அது நம் ஆசைக்குப் பாடம் நடத்துகிறது. பத்து வருஷம் கொலைகாரனின் மனசைப் பற்றியே கேட்டுப் பழகியவன், தன் தெருவில் ஒரு கொலை விழுந்தால் முதலில் என்ன கேட்பான்? "எதுக்காம்? என்ன ஆத்திரமாம்? பொண்ணு என்ன பண்ணுச்சாம்?" என்றுதான் கேட்பான். கவனித்துப் பாருங்கள், கௌரவக் கொலை என்று பேப்பர்காரர்கள் எழுதுகிற ஒவ்வொன்றிலும் டீக்கடைப் பேச்சு இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. செத்தவன் என்ன வேலை பார்த்தான், என்ன பாட்டுப் பிடிக்கும், அடுத்த வாரம் என்ன செய்வதாக இருந்தான் என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. வெட்டியவனுக்குக் காரணம் தேடிக் கொடுப்பதில் நமக்கு அவ்வளவு பழக்கம்.

அதனால் டி.வி.யைத் தூக்கி உடைக்கச் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த பையன் பார்க்கட்டும். போர்வைக்குள் அந்தப் பெண்பிள்ளைகளும் பார்க்கட்டும். பார்க்கும்போது மூன்று கேள்வியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செத்தவருக்கு இந்தக் கதையில் சாவதைத் தவிர வேறு வேலை ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? கொன்றவனை நம்மிடமிருந்து தள்ளி நிறுத்துகிறார்களா, நம் வீட்டு வாசலுக்குக் கூட்டி வருகிறார்களா? நிஜக் கதை என்றால், அதில் அழுதவர்களை யாராவது கேட்டார்களா? மூன்றுக்கும் உருப்படியான பதில் இருந்தால் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் தைரியமாகப் பாருங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அடுத்த எபிசோடு தானாக ஓட ஆரம்பிப்பதற்குள் அணைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஊத்தங்கரை பக்கத்துப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுபதை நெருங்கிய கிழவி. எதிரே அரிவாள், பிடித்திருப்பது தான் பெற்ற கை. பின்னால் பேரனும், சாதி வேறு என்று எல்லாரும் ஒதுக்கிய ஒரு பெண்ணும். அவள் குறுக்கே போனாள். பழைய காலத்து ஊர் இதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கதையை எடுக்க வருகிற இயக்குநர் கேமராவை அந்த அப்பாவின் பக்கம் வைக்கப் போகிறாரா, இந்தக் கிழவியின் பக்கம் வைக்கப் போகிறாரா? காசு கொடுத்துப் பார்க்கப் போவது நீங்களும் நானும்தான். எதைக் கேட்கிறோமோ அதைத்தான் எடுப்பார்கள்.